ஈ, தா, கொடு

பொருள் ஒன்று, அதைக் கேட்கும் சொல் மூன்று. தொல்காப்பியத்தின் எச்சவியல் இதை வகுத்துரைக்கிறது. தன்னினும் உயர்ந்தவனிடம் கேட்பவன் ‘ஈ’ என்று கேட்க வேண்டும். ஒத்தவனிடம் ‘தா’ என்னலாம். தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். பிடி நெல்லோ, பிடி உப்போ, கேட்கும் கை கேட்கும் கைதான். ஆயினும் அந்தக் கை எந்தப் படியில் நின்று நீள்கிறது என்பதைச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடும்! பல நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டில், நன்னூல் எழுதிய பவணந்தியாரும் அந்த விதியைக் கைவிடவில்லை. வகுப்பறையில் நாம் இதனை ஓதுகிறோம், மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், மணி அடிக்கிறது, கலைகிறோம். இந்த மூன்று சொல்லுக்குப் பின்னே நிற்கும் சமுதாயத்தைப் பற்றி எந்தத் தேர்விலும் வினா வருவதில்லை. எனவே இங்கே கேட்போம்.

பழந்தமிழ்ப் புலவர் மன்னனை எப்படி விளித்தனர்? புறநானூற்றைப் புரட்டுங்கள். அதியமானை ஔவையும், பாரியைக் கபிலரும் ‘நீ’ என்றும் ‘நின்’ என்றுமே விளிக்கக் காண்கிறோம். சிலம்பு ஏந்திச் சென்ற கண்ணகி, பாண்டியன் அவையில் ‘நின்’ நகர் என்றே பேசுகிறாள். முடியுடைய மன்னன் முன் ஒரு வணிகப் பெண்! அவள் நாவைத் தடுக்க அன்றைய இலக்கணத்தில் ஆள் இல்லை. ‘நீ’ ஒருவனுக்கு, ‘நீயிர்’ பலருக்கு. எண்ணிக்கை ஒன்றே கணக்கு.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று கூறிப் பூரித்துப் போக வேண்டியதில்லை. ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ வகுத்ததும் அதே பழங்காலந்தான். ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கம் அன்றே முளைவிட்டிருந்தது என்பதற்கும் தொல்காப்பியமே சான்று. ஆனால் அந்நூல் அதைப் பற்றிச் சொல்லும் முறைதான் சுவையானது. உயர்த்திச் சொல்லும் அச்சொல் வழக்கில் உண்டு, இலக்கண நெறி அன்று என்று ஒதுக்கிவைக்கிறது. ஊரார் பேசுகிறார்கள், பேசட்டும். அதனால் ஒருவன் பலராகிவிட மாட்டான் என்பது இலக்கணியின் எண்ணம்.

ஒருவனைப் பலராக்கும் வேலையைப் பின்வந்த காலம் செய்து முடித்தது. பலரைக் குறித்த ‘நீர்’ ஒரு பெரியவருக்கு உரியதாயிற்று. பெரியவர்கள் பெருகவே அது தேய்ந்தது, ‘நீங்கள்’ வந்தது. அதுவும் போதாமல் ‘தாங்கள்’ வந்தது. அதற்கும் மேலே ‘தேவரீர்’, ‘சமூகம்’, ‘சந்நிதானம்’ என்று ஏணி வானளாவ வளர்ந்தது. வினைச்சொல்லும் விடுபடவில்லை. ‘வந்தார்’ என்பது பலர் வந்ததைக் குறித்த சொல். ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டதால் பலருக்கென ‘வந்தார்கள்’ என்று ஒட்டு மேல் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. இன்றோ ‘அமைச்சர் அவர்கள் வந்தார்கள்’ என்று அந்த ஒட்டையும் ஒருவரே எடுத்துக்கொள்கிறார். செல்லாக்காசாகிப் போன நாணயத்துக்குப் பதில் புது நாணயம் அடிப்பது போல, மதிப்புச் சொல்லும் மலியமலியப் புதிது அடித்துக்கொண்டே இருக்கிறோம். ஏணியின் மேற்படி உயர்ந்துகொண்டே போயிற்று. கீழ்ப்படி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சேரிக்காரனுக்கு அன்றும் ‘நீ’. அதற்குக் கீழே ‘அடே’.

இந்த ஏணியைக் கண்ணால் காண விரும்புவோர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரலாம். பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊர். திருப்பாவையில் ஆயர் சிறுமியர் கண்ணனை ‘நீ’ என்கிறார்கள். இருபத்தெட்டாம் பாட்டில், அறியாப் பிள்ளைகளாய் உன்னைச் சிறிய பெயரால் அழைத்துவிட்டோம், சினவாதே என்று கேட்டுக்கொள்வதும் ‘நீ’ போட்டுத்தான்! தேவாரம் பாடியவரும் அப்படியே. திருவாசகம் பாடியவரும் அப்படியே. உலகைப் படைத்ததாக நம்பும் ஆண்டவனை ‘நீ’ என்னலாம்; ஒரு கோட்டை நெல் விதைப்பாட்டை உடைய ஆண்டையை ‘நீ’ என்றால் முதுகுத் தோல் உரியும். ஆண்டவன் பொறுத்துக்கொள்வான், ஆண்டை பொறுக்க மாட்டான் என்று பக்தருக்கே தெரிந்திருக்கிறது! கடவுள் இல்லையென்று சொல்லும் நாம் கூட இவ்வளவு தெளிவாக அதைச் சொன்னதில்லை.

அவ்வூர்க் கோயிலைச் சுற்றிய வைணவ அந்தணர் குடும்பங்களில் தனியொரு பேச்சு முறை உண்டு. ‘நான்’ என்னாமல் ‘அடியேன்’ என்பர். தம் வீடு ‘குடிசை’; எதிரில் நிற்பவர் வீடு ‘திருமாளிகை’. சமையல் ‘தளிகை’, பாயசம் ‘திருக்கண்ணமுது’, மிளகுநீர் ‘சாற்றமுது’, உண்பது ‘அமுது செய்வது’. இருவரும் ஒருவரையொருவர் உயர்த்தி, ஒவ்வொருவரும் தம்மைத் தாழ்த்திக்கொள்வர். அழகான வழக்கம்தான், மறுக்கவில்லை. அடியேன் என்பவனுக்கு அடியேன் என்றே விடை வருகிறதல்லவா? தாழ்ந்து குனிந்தவன் நிமிரும்போது எதிரே இருப்பவனும் குனிந்து நிமிர்கிறான். கணக்கு நேர்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடரைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குவோம். பழைய திருவிதாங்கூர். சாமுவேல் மேட்டீர் என்ற பாதிரியார் அங்கே பணியாற்றி 1871-இல் ஒரு நூல் வெளியிட்டார். புலையர், பறையர் எப்படிப் பேச வேண்டுமென்று விதித்திருந்தார்கள் என்பதை அதில் எழுதிவைத்திருக்கிறார். மேல்சாதியான் முன் ‘நான்’ என்ற சொல் கூடாது. ‘அடியன்’ என்றே சொல்ல வேண்டும். தான் உண்பதைச் சோறு என்னக் கூடாது. ‘கரிக்காடி’, அதாவது அழுக்குக் கஞ்சி, என வேண்டும். தான் பெற்ற பிள்ளைகளைப் பிள்ளைகள் என்னக் கூடாது; கன்றுகள், குரங்குகள் என வேண்டும். மூச்சுக்காற்றுப் பட்டுவிடாதிருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு இத்தனையும் சொல்ல வேண்டும். 1887-இல் வந்த லோகனின் மலபார் நூல் வீட்டுக்கு மட்டும் எத்தனை பெயர் என்று பட்டியல் தருகிறது. அரசனுடையது கோவிலகம், நம்பூதிரியுடையது இல்லம், நாயருடையது வீடு, வயலில் உழைக்கும் அடிமையுடையது சாளை. நான்கிலும் மனிதர்தாம் வாழ்ந்தனர். சொல் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

கவனித்தீர்களா? இங்கே அடியேன், அங்கே அடியன். இங்கே குடிசை, அங்கே சாளை. அகராதியில் இரண்டுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஓரிடத்தில் பணிவு, மற்றோரிடத்தில் விலங்கு! திருமாளிகைக்குள் ‘அடியேன்’ என்று கொஞ்சியவர், அதே நாளில் வயலுக்குப் போனால் அங்கே நிற்பவன் சொல்லும் பணிவுக்குத் திருப்பிப் பணிவு தருவதில்லை. ஆகவே ஒரு சொல் மதிப்பா, இழிவா என்பதை அந்தச் சொல்லைப் பிளந்து பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஊர்த் தெருவில் நரைத்த தலையுடைய அருந்ததியர் ஒருவரைப் பத்து வயதுச் சிறுவன் பெயர் சொல்லி அழைப்பதும், அவர் அச்சிறுவனை ‘சாமி’ என்பதும் நம் காலம்வரை வந்த வழக்கம். இன்றும் மறைந்துவிட்டதென்று எந்தச் சிற்றூரைக் காட்டிச் சொல்வோம்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே இராசபாளையம். பஞ்சுச் சந்தை, நூற்பாலை, பக்கத்துச் சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி என நூலால் வாழும் ஊர். விசயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறிய ராசுக்கள் இங்கே பெருந்தொகையினர். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசாமி ராசா இவ்வூர்க்காரர்; 1936-இல் இராசபாளையம் ஆலையைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராசாவும் இவ்வூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் தமிழ். இவ்வூர் நாக்குகளுக்கு அது மூச்சு விடுவது போன்ற இயல்பு. தெலுங்கிலும் ஏணி உண்டு: நெருங்கியவனுக்கு ‘நுவ்வு’, மதிப்புக்குரியவருக்கு ‘மீரு’, பெயரின் பின்னே ‘காரு’. இங்குள்ள சிறுவன் ஒருவனைக் காலை முதல் மாலை வரை பின்தொடர்ந்தால் போதும், மொழிநூல் ஒன்று எழுதிவிடலாம். பாட்டியிடம் தெலுங்கு, ஆசிரியரிடம் ‘சார்’, விளையாட்டுத் திடலில் ‘ஏலே’, மளிகைக் கடையில் ‘அண்ணாச்சி’, மீண்டும் வீட்டுப் படியேறியதும் தெலுங்கு. ஒருமுறை கூடத் தடுமாறுவதில்லை. யாரும் அவனுக்குப் பாடம் நடத்தவுமில்லை!

இதில் நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. தென்மாவட்டங்களில் அருந்ததியர் பலரும் வீட்டில் தெலுங்கு பேசுவோரே. ஆலை முதலாளியின் தாய்மொழியும் அதுவே. தெருவைக் கூட்டும் தொழிலாளியின் தாய்மொழியும் அதுவே. தாய்மொழி ஒன்றானால் நெஞ்சம் ஒன்றாகும் என்று மேடையில் முழங்குகிறோமே, இங்கே என்ன ஆயிற்று? ஒரே மொழிக்குள் ‘நுவ்வு’ ஒரு பக்கமும் ‘மீரு’ மறு பக்கமும் பிரிந்து நின்றன. ஏணிக்கு மொழி ஏது? தமிழாயின் என்ன, தெலுங்காயின் என்ன, எந்தச் சுவரில் சாத்தினாலும் நிற்கும்.

சப்பானியர் சுவரிலும் அது நிற்கிறது. நம்முடையதைவிட நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ‘ஈ, தா, கொடு’ நமக்குக் கேட்கும் சொற்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சொற்களே பல. மேலோர்க்குக் கொடுப்பது ‘சஷிஅகெரு’, ஒத்தார்க்குக் கொடுப்பது ‘அகெரு’, கீழோர்க்கோ நாய் பூனைக்கோ கொடுப்பது ‘யரு’. மேலவர் எனக்குக் கொடுத்தால் ‘குதசரு’. தோழன் கொடுத்தால் ‘குரெரு’. ‘நான்’ என்பதற்கும் ஒரு சொல் இல்லை: பணிந்து சொல்ல ‘வதாக்குஷி’, பொதுவில் ‘வதாஷி’, இளைஞன் சொன்னால் ‘போக்கு’, நண்பரிடை முரட்டுத்தனமாகச் சொன்னால் ‘ஓரே’. மன்னர் மட்டுமே தம்மைக் குறிக்கத் தனிச்சொல் வைத்திருந்தார். 1945 ஆகத்து 15-இல், போரை முடித்துக்கொள்வதாக அவர் வானொலியில் பேசியபோது, அரண்மனைப் பழந்தமிழ் போன்ற அந்த நடை பாமரர் பலருக்கு விளங்கவேயில்லை. மன்னர் குரலை முதன்முறை கேட்ட குடிகள், தோற்றோமா வென்றோமா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு அறிந்தனர்.

தோல்விக்குப் பின் அந்நாட்டினர் ஒரு வேலை செய்தார்கள். 1952-இல் அவர்களுடைய தேசிய மொழி அவை ‘இனி வேண்டும் மதிப்புமொழி’ பற்றி அரசுக்குப் பரிந்துரை தந்தது. இதுகாறும் மேல்–கீழ் என்ற உறவின்மீது மதிப்புமொழி வளர்ந்தது. இனி அது ஒவ்வொருவரின் மனிதத் தன்மையையும் ஒருவர்க்கொருவர் மதிப்பதன்மீது நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லாரும் ‘வதாஷி’ என்க, எதிரிலிருப்பவரை ‘அனாத்தா’ என்க, பெயரின் பின்னே ‘சான்’ சேர்க்க என்று வழியும் காட்டிற்று. வென்றதா? பாதி. ‘சான்’ பரவியது. ‘அனாத்தா’வை மேலதிகாரியிடம் இன்றும் எவரும் சொல்வதில்லை, பதவிப் பெயரால் அழைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். 2007-இல் வெளியான அரசு வழிகாட்டி மதிப்புமொழியை ஐந்து வகையாகப் பிரித்து விளக்கிற்று. ஏணியை இறக்கவில்லை, படிகளுக்கு எண் போட்டது! ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒரே உரையாடலுக்குள் ‘மாஸ்’ என்று முடியும் மதிப்பு நடையிலிருந்து வெறும் நடைக்கும், அதிலிருந்து மீண்டும் மதிப்பு நடைக்கும் இருவருமே மாறிமாறிச் செல்வர். வியப்பு வந்தால் ஒரு நடை, தொழில் பேசினால் ஒரு நடை. இறங்கிவரவும் ஏறிச்செல்லவும் இருவருக்கும் வழி உண்டு. நம்மூர்ப் பண்ணையில் ஏறுவதற்கு வழியேயில்லை. பிறந்த படியே படி.

ஐரோப்பாவில் இந்த ஏணியை உடைத்த கதைகள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793-இல் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றே அழைக்க வேண்டுமென்றனர்; நெப்போலியன் முடிசூடுமுன்பே அது மங்கிப் போயிற்று. சுவீடனில் 1967-இல் மருத்துவ வாரியத் தலைவராக வந்த புரூர் ரெக்ஸேட், தம் அலுவலர் அனைவரையும் ‘நீ’ என்றே அழைப்பேன், அவர்களும் என்னை அப்படியே அழைக்கலாம் என்று அறிவித்தார். ஏற்கெனவே பரவிவந்த அவ்வழக்கம் அத்தோடு நாடெங்கும் வேரூன்றிற்று. இரு நாட்டாரும் மேலே இருந்தவனைக் கீழே இறக்கினார்கள்.

நம் நாட்டில் பெரியார் தேர்ந்த வழி அதற்கு நேர்மாறானது. அவர் கீழே இருந்தவனை மேலே ஏற்றினார். பள்ளிச் சிறுவனையும் ‘வாங்க’ என்று அழைத்தவர் அவர். கண்டவர், கேட்டவர் அனைவரும் வியந்து எழுதிவைத்த செய்தி. ஏன் இந்த வழி? எண்ணிப் பாருங்கள். எல்லாருக்கும் ‘நீ’ என்று சட்டம் போட்டால், நூற்றாண்டுக் கணக்கில் ‘நீ’ வாங்கியே காய்த்துப் போன செவிக்குப் புதிதாக என்ன கிடைக்கும்? அவன் எதையும் பெறமாட்டான். மேலவன் மட்டும் ஒன்றை இழப்பான். இழந்தவன் முணுமுணுப்பான், பெறாதவன் மகிழமாட்டான். சுவீடனின் மருந்து சுவீடனுக்குத்தான் சரி. இங்கே வேண்டியிருந்தது ‘நீங்கள்’ என்ற சொல்லைச் சேரிக்கு எடுத்துச் செல்லும் துணிவு.

அந்தத் துணிவுக்கு வரலாறு உண்டு. 1927-இல் தம் பெயரிலிருந்து ‘நாயக்கர்’ என்பதை அறுத்தெறிந்தார் பெரியார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. பெயரின் வாலை அறுப்பது வெறும் அலங்காரம் என்று எள்ளியவர்கள் அன்றும் உண்டு. வால் இல்லாவிட்டால் எதிரில் இருப்பவனுக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாமல் திகைத்து நின்றவர்கள்தாம் எள்ளியவர்கள்! 1931-இல் மூன்றாம் மாநாடு நம் பக்கத்து விருதுநகரிலேயே கூடிற்று. உருசியாவும் ஐரோப்பாவும் கண்டு திரும்பிய பெரியார், 1932-இல், ‘ஸ்ரீமான்’, ‘மகாராஜராஜஸ்ரீ’ முதலிய எல்லாவற்றுக்கும் ஈடாகத் ‘தோழர்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தார். ‘நமஸ்காரம்’ போய் ‘வணக்கம்’ வந்தது. ‘அக்கிராசனர்’ போய்த் ‘தலைவர்’ வந்தார். 1967-இல் அண்ணா ஆட்சியேற்றபின் ‘ஸ்ரீ’யும் ‘ஸ்ரீமதி’யும் அரசுத் தாள்களிலிருந்து விடைபெற்றுத் ‘திரு’வும் ‘திருமதி’யும் அமர்ந்தன.

இடையில் ‘தோழர்’ தளர்ந்து, ‘அண்ணன்–தம்பி’ எழுந்தது. 1955 முதல் தம்பிக்கு அண்ணா எழுதிய மடல்கள் ஒரு தலைமுறையையே உடன்பிறப்பாக்கின. உறவுச்சொல்லிலும் மேல்–கீழ் உண்டு என்பதை மறைக்க வேண்டாம்; ஆனால் அது வயதின் படி. இன்றைய தம்பி நாளை அண்ணன். வயதின் ஏணியில் எல்லாரும் ஏறுவர். சாதியின் ஏணியில் எவரும் ஏற முடியாது. இந்த வேறுபாட்டுக்காகவே அதை ஏற்கிறோம். பிற்காலத்தில் தலைவர் பெயரை வாயால் சொல்லவே அஞ்சி, பட்டத்தின்மேல் பட்டம் அடுக்கும் நோய் நம்மவரையும் பிடித்ததே, அதை ஏற்கவில்லை. ‘மகாராஜராஜஸ்ரீ’யை ஒழித்த கை, அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

வீட்டுக்குள்ளே வந்தால் நம்மில் பலர் வாய் மூடிக்கொள்கிறோம். மனைவி ‘என்னங்க’ என்கிறாள். கணவன் ‘ஏய்’ என்கிறான். அவன் பெயரை அவள் சொன்னால் அவன் ஆயுள் குறையுமாம். அவள் பெயரை அவன் நாளெல்லாம் சொல்கிறான், அவள் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட்ட புராணம் ஒன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் கண்ணனை ‘நீ’ என்றாள். அதே ஊரில் அவள் பாட்டை மார்கழி தோறும் பாடும் பெண்கள் கணவனை அப்படி அழைக்கத் துணிவதில்லை. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட தோழர்கள் தங்கள் வீட்டுக் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்க.

சட்டம் எட்டிய தூரமும் கொஞ்சந்தான். 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015-இன் திருத்தத்திற்குப் பின், பிறர் காணும் இடத்தில் பட்டியல் இனத்தவரைச் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதைத் தனிக்குற்றமாகவே எழுதிவைத்திருக்கிறது. தெருப் பெயர்களில் சாதி வால் கூடாதென்று 1978-இல் தமிழக அரசு ஆணையிட்டது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025-இல் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. நல்லவை. ஆனால் ‘நீ’ என்பதை எந்தக் காவல் நிலையத்தில் பதிவு செய்வது? அது வசைச்சொல் அல்லவே. இலக்கணம் ஒப்பிய முன்னிலை ஒருமை!

ஆயினும் அந்த ‘நீ’ இன்று தடுமாறத் தொடங்கியிருக்கிறது. நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த வீட்டுப் பிள்ளை இன்று படித்து, வருவாய்த்துறையிலோ வங்கியிலோ நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பழைய பண்ணையார் வேலையாகப் போய் எதிரே நிற்கிறார். ‘நீ’ என்றால் காரியம் கெடும். ‘நீங்கள்’ என்றால் நெஞ்சு கெடும். அப்போது நம் பேச்சுத் தமிழ் அவருக்கு ஒரு சந்து காட்டுகிறது. ‘சாப்பிட்டாச்சா?’, ‘உட்காரலாமே’, ‘எப்ப வந்தது?’ எழுவாயும் இல்லை, இடமும் இல்லை. ஊர்ப் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்போர் இதை நாள்தோறும் கேட்கலாம். ‘வந்தது’ என்பது என்ன? அஃறிணை ஒருமை. குழந்தையையும், சில வட்டாரங்களில் பெண்ணையும், ‘அது’ என்று அன்போடு சொல்லும் வழக்கம் உண்டு. இது அந்த அன்பன்று. மனிதனை உயர்த்தவும் மனமில்லை, தாழ்த்தவும் துணிவில்லை. ஆகவே திணையையே மாற்றிவிடுகிறார்! மக்கள் அனைவரையும் உயர்திணை என்று சொல்லித்தான் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிறது.

நாற்காலியில் இருப்பவர் சந்துக்குள் நுழைவதில்லை. ‘காலையிலேயே வந்தேன், நீங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, மனுவை வாங்கக் கையை நீட்டுகிறார்.